காயாத ஊருக்கு என்ன சட்டை?

கோயமுத்தூர்க்காரனுக்கு வெயில் தெரியும், புழுக்கம் தெரியாது. ஏப்ரலில் எங்கள் ஊரும் 37, 38 டிகிரி தொடும். மதியம் ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் பஸ் பிடிக்க ஓடினால் எங்களுக்கும் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் நிழலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வரும், முதுகு காய்ந்துவிடும். அந்தத் தைரியத்தோடு பெட்டி கட்டிக்கொண்டு ஜகார்த்தாவிலோ டாக்காவிலோ போய் இறங்குகிற எங்கள் ஊர் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்சிக்கு நிற்கிற கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். போனை எடுத்துப் பார்ப்பார்கள். 32 டிகிரிதான் காட்டும். "இதென்னங்க, நம்மூரை விடக் கம்மியாத்தானே இருக்குது?"

(சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். மே, ஜூனில் அவர்களுக்கு இது தினப்படி சங்கதி.)

நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கிற வேலை எனக்கு. மில் எங்கே இருக்கிறதோ அங்கே போயாக வேண்டும். மேற்கு ஜாவாவில் கரவாங், பூர்வகர்த்தா. பங்களாதேஷில் நாராயண்கஞ்ச், காஜிபூர். காலையில் ஷெட்டுக்குள் ரிங் ஃபிரேம் பக்கத்தில் நிற்பேன். மதியம் அதே சட்டையோடு டைரக்டர் அறையில் உட்கார்ந்திருப்பேன். இந்த மாதிரிப் பயணங்களுக்கு என்ன துணி எடுத்துப் போவது என்று புதிதாகச் சேருகிற பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் வானிலை. டிகிரியைப் பார்க்காதீர்கள். எந்த ஆப்பிலும் கொஞ்சம் கீழே போனால் 'டியூ பாயிண்ட்' என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். காற்றை எந்த அளவுக்குக் குளிர்வித்தால் அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகப் படிய ஆரம்பிக்குமோ, அதுதான் அந்த எண். 15, 16 இருந்தால் கோட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். ஜகார்த்தாவிலும் சிங்கப்பூரிலும் வருஷம் பூராவும் 24ஐ ஒட்டியே நிற்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஆப்பே தேவையில்லை. ஏசி காரை விட்டு இறங்கியதும் கண்ணாடி வெள்ளையாகப் பூத்து எதுவும் தெரியாமல் போகும் பாருங்கள், அதே விஷயம்தான். இப்படிப்பட்ட காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருப்பதால் நம் வியர்வையை அது வாங்கிக்கொள்ளாது. உடம்பு குளிர்வது வியர்வை வழிவதால் இல்லை, அது ஆவியாவதால். ஆவியாக வழியில்லாதபோது உடம்பு இன்னும் கொஞ்சம் வியர்த்துப் பார்க்கும்.

ஆகவே கடையில் துணியைத் தொட்டுப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி, 'இது குளுகுளுன்னு இருக்குமா' என்பது இல்லை. 'நனைஞ்சா எப்பக் காயும்?'

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 'ரீகெயின்' என்போம். 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் இருக்கிற அறையில் ஒரு நார் தன் காய்ந்த எடையில் எத்தனை சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்கிற எண். நூலை எடை போட்டு விற்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டான் என்று தகராறு வரக்கூடாது என்பதற்காக உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. பருத்திக்கு 8.5. லினனுக்கு 12. கம்பளிக்கு ஏறக்குறைய 16. பாலியெஸ்டருக்கு வெறும் 0.4.

'வெயில் ஊருக்கா, காட்டன் எடுத்துக்கோ' என்று அம்மா சொல்வது இந்த இடத்தில்தான் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் ஆகிறது. பஞ்சை வைத்துப் பிழைக்கிறவன் இதைச் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். பருத்தி வியர்வையை நன்றாகக் குடிக்கும். குடித்ததை எளிதில் விடாது. நம்மூர் வறண்ட காற்றில் அது விட்டுக்கொண்டே இருப்பதால்தான் சுகமாக இருக்கிறது. கரவாங்கில் விடாமல் பிடித்துக்கொண்டு, கனத்து, தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் எதையும் குடிக்காது. வியர்வை அப்படியே தோலில் நிற்கும், சாயங்காலம் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். டெரி-காட்டன் வேகமாகக் காயும், ஆனால் அந்த வாடையை அலசினாலும் முழுக்க விடாது. சட்டைக்கு நான் இன்னும் பருத்திதான். எந்தப் பருத்தி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கடைக்காரர் 'ஃபைன் காட்டன் சார், நூறாம் கவுண்ட்' என்று நீட்டினால் மயங்கிவிட வேண்டாம். நூல் மெல்லியதாக இருந்தாலும் நெசவு நெருக்கமாக இருந்தால் காற்று புகாது. துணியைத் தூக்கி டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிந்தால் எடுங்கள். வாயில் புடவை கட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: முறுக்கு அதிகம் ஏற்றிய நூல், விட்டு விட்டு நெய்தது, தோலில் படிந்து ஒட்டாது. இன்னொரு வகை சீர்சக்கர், சுருக்கம் சுருக்கமாக நெய்த துணி. மேடு மட்டும்தான் உடம்பில் படும், இஸ்திரியும் வேண்டாம். அமெரிக்காவில் அதில் சூட்டே தைப்பார்கள். அதைப் பிரபலமாக்கிய நியூ ஆர்லியன்ஸ்காரர் ஜோசப் ஹாஸ்பெல், ஃபுளோரிடாவில் சூட்டோடு கழுத்தளவு கடலில் இறங்கி, அதைக் காயப்போட்டு, அன்று ராத்திரி விருந்துக்கு அதையே போட்டுக்கொண்டு போனார் என்பது அந்தக் கம்பெனி சொல்லிக்கொள்கிற கதை. விளம்பரம்தான், ஆனால் சரியான கேள்விக்குப் பதில் சொன்ன விளம்பரம்.

நிறம்: வெள்ளை, அல்லது நல்ல அடர் நீலம். இளநீலமும் இளஞ்சாம்பலும் ஏசி அறைக்குள் பார்க்க அழகாக இருக்கும். அக்குளில் ஒரு துளி விழுந்தால் அறையின் மறுகோடியிலிருந்து தெரியும். பொடிக்கட்டம், பொடிக்கோடு நிறைய மறைக்கும்.

இனி பனியன். 'இந்தப் புழுக்கத்துல பனியன் வேறயா' என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடுங்கள். வியர்வையைச் சட்டைக்குப் போகவிடாமல் நடுவில் வாங்கிக்கொள்கிற வேலை அதனுடையது. ஆனால் கையில்லாத பனியன் அக்குளை மறைக்காததால் பிரயோஜனமில்லை. கை வைத்ததாக வேண்டும். கடையில் ஆர்.என்.எஸ். என்று கேட்டால் தருவார்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் பளிச்சென்று தெரியும், சாம்பல் நிறமோ தோல் நிறமோ தெரியாது. நாளுக்கு இரண்டு கணக்கு வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்ரூமில் புகுந்து பனியனை மட்டும் மாற்றிக்கொண்டால், காலையில் போட்ட சட்டையே சாயங்காலம் வரை தாக்குப்பிடிக்கும். சட்டை இரண்டு எடுத்துப் போவதை விடப் பனியன் இரண்டு எடுத்துப் போவது பெட்டிக்கும் நல்லது. திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்குப் புரிவதேயில்லை.

பேண்ட்டுக்குக் கம்பளி என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஊட்டிக்குப் போடுகிற ஸ்வெட்டர் ஞாபகம் வருகிறது போல. சூட்டிங் கடைகளில் 'டிராபிகல்' என்று கேட்டுப் பாருங்கள். மீட்டருக்கு 220, 240 கிராம் எடையில், முறுக்கேறிய நூலில், சாதா நெசவில் மெல்லிய கம்பளித் துணி எடுத்துப் போடுவார்கள். கம்பளி வியர்வையை ஆவியாக இருக்கும்போதே உள்ளே இழுத்துக்கொள்ளும். பருத்தி நனைந்து தொங்குகிற கட்டத்தில் இது தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ராத்திரி ஹேங்கரில் மாட்டிவைத்தால் காலையில் கசங்கல் தானாக நீங்கியிருக்கும். விலை அதிகம்தான். கட்டுப்படியாகாவிட்டால் டெரி-வுல். லினன் பேண்ட் போடச் சொல்லி எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. நனைந்தால் சீக்கிரம் காயும், உண்மை. ஆனால் கார் சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஜகார்த்தா டிராஃபிக்கைக் கடந்து ஒரு முதலாளி எதிரே போய் நின்றால், நேற்று அதோடு தூங்கி எழுந்தவன் போல இருப்போம். லினனை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டு ஒன்று போதும், அடர் நீலம், லைனிங் இல்லாமல். இதற்காக டவுன்ஹால் பக்கம் டெய்லரோடு ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

"லைனிங் வேண்டாம்னா எப்படிங்ணா? கோட்டு விறைப்பா நிக்காதுங்களே."

"நிக்க வேண்டாங்க, தொங்கினாப் போதும்."

"உள்ளார தையலெல்லாம் அசிங்கமாத் தெரியுமுங்ணா."

"அதுக்கு மேல பைப்பிங் போட்டு மூடிக் குடுங்க."

"அதுக்கு லைனிங்கே தேவலையேங்ணா, வேலை ரெண்டு மடங்கு!"

அவர் சொன்னது நியாயம். லைனிங் என்பது உள்ளே இருக்கிற அத்தனை தையலையும் ஒரே துணியில் மறைக்கிற உபாயம். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு ஓரத்தையும் முடித்துத் தைக்க வேண்டும், கூலி கூடும். ஆனால் பெரும்பாலும் அந்த லைனிங் பாலியெஸ்டர்தான். மேலே எவ்வளவு நல்ல துணி இருந்தாலும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்ட கதை. கை நுழைய வழுக்க வேண்டுமே என்று கைகளில் மட்டும் லைனிங் வைத்துக் கொடுத்தார். தோள் பேட் மெல்லியது. இப்படித் தைத்த கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம், விமானத்தில் பெட்டிக்கு மேலே திணிக்கலாம்.

வெளியே அப்படி அவியும்போது கோட்டு எதற்கு என்றால், உள்ளே இருக்கிற குளிருக்கு. ஏசியின் கதையே ஈரத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1902இல் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரக்காற்றில் காகிதம் விரிந்து, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காராமல் தொல்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் செய்த ஏற்பாடுதான் இன்று நம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதனுக்குக் குளுமை அப்புறம் வந்த லாபம். சிங்கப்பூரில் லீ குவான் யூ பிரதமரானதும் முதல் வேலையாக அரசு அலுவலகங்களில் ஏசி வைத்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அது சரிதான், ஆனால் இந்த வட்டாரத்து மீட்டிங் அறைகளில் அதை எந்த அளவோடு நிறுத்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை போல. நனைந்த முதுகோடு உள்ளே போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றிரவே தும்மல். உள்ளூர்ப் பெண்கள் நாற்காலி முதுகில் ஒரு கார்டிகனை நிரந்தரமாகத் தொங்கவிட்டிருப்பதைக் கவனித்தால் விஷயம் விளங்கும்.

பெண்கள் கதை எனக்கு நேரடியாகத் தெரியாது. எங்கள் ஏற்றுமதிப் பிரிவு அக்காவிடம் கேட்டேன். "கஞ்சி போட்ட காட்டன் புடவையை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்கன்னு எழுதுப்பா" என்றார். காலையில் மடிப்பு மடிப்பாக நிற்கிற கொசுவம் ஹோட்டல் வாசலைத் தாண்டுவதற்குள் தொய்ந்துவிடுமாம். அவர் எடுத்துப் போவது கிரேப்பும் மெல்லிய சில்க்-காட்டனும். கிரேப்பை ராத்திரி அலசிப் போட்டால் காலையில் கட்டலாம். "புடவை பிரச்சினையே இல்ல, பிளவுஸ்தான்" என்பது அவர் தீர்ப்பு. ஒரு புடவைக்கு இரண்டு பிளவுஸ், இரண்டுக்கும் உள்ளே காட்டன் லைனிங், கைக்கடியில் வியர்வை பேட். மில்லுக்குள் போகிற நாளில் புடவையே கிடையாது, ஓடுகிற மெஷின் பக்கத்தில் முந்தானை ஆபத்து. அன்றைக்குக் குர்தாவும் பேண்ட்டும்தான், துப்பட்டாவை ஆபீஸிலேயே விட்டுவிடுவாராம்.

இத்தனை கவலையும் படுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: போகிற ஊர்க்காரன் என்ன போடுகிறான்? புழுக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதற்கெல்லாம் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தோனேசியாவில் மெழுகு வைத்துச் சாயமேற்றுகிற பாத்திக் துணியில் தைத்த முழுக்கைச் சட்டை என்றால் அது முழு மரியாதை உடை. கல்யாணம், பேங்க், மந்திரி ஆபீஸ் எங்கேயும் செல்லும். டை கிடையாது, இன்சர்ட் கிடையாது, சட்டை வெளியே தொங்கும், உள்ளே காற்று ஓடும். 1970களில் ஜகார்த்தா கவர்னர் அலி சாதிகின் அதை விழாக்களுக்கான உடையாக முன்னெடுத்தார். 2009 அக்டோபர் 2இல் யுனெஸ்கோ பாத்திக்கைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு அந்தத் தேதியே தேசிய பாத்திக் தினமாகிவிட்டது. பெரும்பாலான ஆபீஸ்களில் வெள்ளிக்கிழமை பாத்திக் நாள். மண்டேலா இந்தச் சட்டையோடு உலகத் தலைவர்கள் நடுவே நின்றார், யாரும் கோட்டு எங்கே என்று கேட்கவில்லை.

வெளியூர்க்காரன் போடலாமா? தாராளமாக. முதல் சந்திப்புக்கு வெற்றுச் சட்டையும் கோட்டும், வெள்ளிக்கிழமைக்குப் பாத்திக் என்பது என் வழக்கம். முழுக்கையாக வாங்குங்கள், அரைக்கை அங்கே வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும். தானா அபாங் சந்தையில் அச்சடித்தது மலிவாகக் கிடைக்கும். மெழுகை முத்திரையில் தொட்டு வைத்தது அதற்கு மேல் விலை; கையால் வரைந்த 'துலிஸ்' வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. 'ஃபுரிங்' வைத்ததா, வைக்காததா என்று கடைக்காரர் கேட்பார். அது லைனிங்தான். விறைப்பாக நிற்கிறது என்று அங்கேயும் அதற்குத்தான் கிராக்கி. எங்கள் டவுன்ஹால் டெய்லர் கேட்டால் சந்தோஷப்படுவார். வைக்காததையே வாங்குங்கள்.

பிலிப்பைன்ஸில் இதே இடத்தில் பாரோங் இருக்கிறது. அன்னாசி நாரில் நெய்த, கண்ணாடி மாதிரி மெல்லிய முழுக்கைச் சட்டை. 1953இல் ரமோன் மக்சய்சாய் அதைப் போட்டுக்கொண்டுதான் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். பங்களாதேஷில் 2009இல் அரசு ஊழியர்கள் வெயில் மாதங்களில் கோட்டும் டையும் போட வேண்டாம், சட்டையை வெளியே விட்டுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. காரணம் மின்சாரப் பற்றாக்குறை, ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று. அங்கே மீட்டிங்குகளில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் விருந்தாளிதான். நம்மூரில் 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதற்கப்புறம் சட்டசபையில் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வேட்டியை விடப் பொருத்தமான உடுப்பு என்ன இருக்கிறது? ஜாவாக்காரன் தன் சட்டையை மீட்டிங் அறைக்குள் கொண்டுபோய்விட்டான். நாம் இன்னும் வாசலில் நிற்கிறோம்.

துவைப்பதற்கு வருவோம். ஹோட்டல் லாண்டரி விலைப்பட்டியலைப் பார்த்தால் புதுச் சட்டையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். ராத்திரி வாஷ்பேசினில் அலசிவிடுங்கள். பாத்ரூமில் மட்டும் காயப்போடாதீர்கள், இரண்டு நாளானாலும் காயாது. ஏசி அறையின் காற்று வறண்டது. ஏசியின் காற்று படுகிற இடத்தில் ஹேங்கரோடு மாட்டுங்கள். அதற்கு முன் முக்கியமான ஒரு வேலை. நம்மூர் ஈரிழைத் துண்டு ஒன்றைப் பெட்டியில் எடுத்துப் போங்கள். துண்டை விரித்து, அலசிய பனியனை அதன் மேல் பரப்பி, சேர்த்துச் சுருட்டி முறுக்கினால் பாதித் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பனியன் விடிவதற்குள் காயும். அந்தத் துண்டும் சீக்கிரம் காயும், ஹோட்டலின் தடித்த பூத்துண்டுக்கு அது நடக்காது.

ஷூ இரண்டு ஜோடி, இரண்டுக்கும் ரப்பர் சோல், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் ஷூ உள்ளே ஊறின வியர்வை காய முழுசாக ஒரு நாள் எடுக்கும். ராத்திரி செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைக்கலாம். ஊர் திரும்பிய அன்றே பெட்டியைப் பிரித்துவிடுங்கள். ஈரத்தோடு மூடிக் கிடந்த பெல்ட்டில் பூசணம் பிடிக்க ஒரு வாரம் போதும்.

மீட்டிங் நாளில் இருபது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். லாபியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, வியர்வை அடங்கட்டும். அடங்கிய பிறகு முகம் கழுவி, தேவைப்பட்டால் பனியன் மாற்றி, கோட்டை லிஃப்டில் போட்டுக்கொண்டால் போதும். பேச்சு முடிந்ததும் 'வாங்க, ஷெட்டைப் பாத்துட்டு வரலாம்' என்பார்கள். நூல் அறுந்துகொண்டே இருக்கக்கூடாது என்று ஸ்பின்னிங்கில் 55, 60 சதவீத ஈரப்பதத்தை எச்-பிளாண்ட் என்கிற ஈரமூட்டும் ஏற்பாட்டை வைத்துக் காப்பாற்றுவார்கள், மெஷின் சூடு வேறு. கோட்டைக் கழற்றி அவர்கள் ஆபீஸ் நாற்காலியிலேயே மாட்டிவிட்டுப் போங்கள். வியர்வையை மறைக்கிற அடர் நீலத்தில் பஞ்சு மட்டும் அப்படி ஒட்டும், பளீரென்று தெரியும். பேண்ட்டில் ஒட்டியதைத் திரும்பி வந்து செல்லோடேப்பால் ஒற்றி எடுத்துக்கொள்ளலாம். எந்த மில் ஆபீஸிலும் கேட்டவுடன் தருவார்கள், அவர்களுக்கும் அது தினமும் தேவைப்படுகிறது.